பஞ்சாபிச் சொல்லின் நடுவே நிற்கும் எழுத்து

அமிர்தசரஸுக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் தரன் தாரன் என்று ஓர் ஊர் இருக்கிறது. சீக்கியர்களின் 5-வது குருவான குரு அர்ஜன் 16-ம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய ஊர். அங்குள்ள குருத்வாராவின் திருக்குளம் மிகப் பெரியது. 2006-ம் ஆண்டு முதல் அந்த ஊரின் பெயரிலேயே தனி மாவட்டமும் இருக்கிறது.

ஊர்ப் பெயரைக் கேட்டால் ஒரே சொல்லை இரண்டு முறை சொல்வதுபோல இருக்கும். உண்மையில் அவை இரண்டு சொற்கள். பஞ்சாபியில் 'தர்னா' என்றால் நீந்திக் கடப்பது, கரையேறுவது. 'தார்னா' என்றால் இன்னொருவரைக் கரையேற்றுவது. தமிழில் கடத்தல், கடத்துதல் என்பதுபோல. பக்தனின் வேலை முதல் சொல்லில், குருவின் வேலை இரண்டாவது சொல்லில். எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு 'கால்'. குர்முகி எழுத்தில் அதற்குக் 'கன்னா' என்று பெயர்.

சொல்லின் முன்னாலும் எதுவும் சேரவில்லை, பின்னாலும் எதுவும் சேரவில்லை. நடுவில் மட்டும் ஒரு மாற்றம். இந்த நடு மாற்றம் எங்கிருந்து வந்தது? இதைத் தேடிப் போனால் பாணினி, அசோகர் என்று 2000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

மத்தேதர் என்றால் என்ன?

பஞ்சாபி இலக்கணத்தில் சொல்லோடு சேரும் ஒட்டுகளை மூன்றாகப் பிரிப்பார்கள். முன்னால் வருவது 'அகேதர்', பின்னால் வருவது 'பிச்சேதர்', நடுவில் வருவது 'மத்தேதர்'. முன்னொட்டு, பின்னொட்டு, இடையொட்டு என்று தமிழில் சொல்லலாம்.

முதல் இரண்டிலும் குழப்பம் இல்லை. மூன்றாவதில்தான் சிக்கல். நடுவில் வருவது என்றால் எதன் நடுவில்? தமிழில் 'செய்தான்' என்ற சொல்லைப் பிரித்தால் செய் + த் + ஆன் என்று வரும். 'த்' என்பதை இடைநிலை என்கிறோம். ஆனால் அது பகுதிக்கும் விகுதிக்கும் இடையில் நிற்கிறதே தவிர, 'செய்' என்ற வேரைப் பிளந்துகொண்டு உள்ளே போகவில்லை. மொழியியல் கணக்கில் இது இடையொட்டு ஆகாது. பின்னால் சேர்ந்த இரண்டு ஒட்டுகளில் முதலாவது, அவ்வளவுதான்.

உண்மையான இடையொட்டுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் தகலோக் மொழியைக் காட்டுவார்கள். அங்கே 'சுலத்' என்றால் எழுத்து. அதன் முதல் மெய்க்குப் பிறகு 'உம்' என்பதை நுழைத்தால் 'சுமுலத்', எழுதினான் என்று பொருள். வேரே இரண்டாகப் பிளந்து வழிவிடுகிறது.

பஞ்சாபியில் இப்படி வேரைப் பிளக்கும் ஒட்டு உண்டா? இன்றைய பஞ்சாபியில் உயிரோடு இல்லை. ஆனால் அதன் முன்னோர் மொழியில் இருந்தது.

பாணினி கண்ட 'ந'

கி.மு. 5 அல்லது 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பாணினியின் ஊர் சலாதுரா. சிந்து நதிக் கரைக்கு அருகில், இன்றைய பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில் உள்ள இடம். பஞ்சாபுக்குப் பக்கத்து வீடு என்றே சொல்லலாம். சுமார் 4000 சூத்திரங்களில் சமஸ்கிருதத்தின் இலக்கணத்தை அவர் எழுதி முடித்தார்.

அதில் ஒரு வகை வினைச்சொற்களுக்கு அவர் சொல்லும் விதி விசேஷமானது. 'யுஜ்' என்றால் இணைப்பது. 'இணைக்கிறான்' என்று சொல்ல வேண்டுமானால் வேரின் உள்ளே 'ந' என்பதை நுழைக்க வேண்டும். யு + ந + ஜ் + தி, அது 'யுநக்தி' ஆகிறது. 'பித்' (உடைத்தல்) என்ற வேர் 'பிநத்தி' ஆகும். இந்த 'ந' எங்கே போய் உட்கார வேண்டும் என்பதற்கும் பாணினி ஓர் அடையாளம் வைத்தார். ஓர் ஒட்டின் பெயரில் 'ம்' என்ற குறி இருந்தால், அதைச் சொல்லின் கடைசி உயிரெழுத்துக்கு அடுத்து நுழைக்க வேண்டும் என்பது விதி. இடையொட்டு என்ற கருத்து இவ்வளவு தெளிவாக அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

இந்த மூக்கொலி சமஸ்கிருதத்துக்கு மட்டும் சொந்தமல்ல. அதன் தூரத்து உறவான லத்தீனிலும் உண்டு. அங்கே 'இணை' என்பதற்கான வினை 'யுங்கோ', நுகத்தடிக்கு 'யுகும்'. வினையில் மூக்கொலி இருக்கிறது, பெயரில் இல்லை. ரயில்வே ஜங்ஷன் என்கிறோமே, அந்த 'ஜங்ஷன்' அந்த லத்தீன் வினையின் வழி வந்தது. 'யோகம்' சமஸ்கிருத யுஜ் வழி வந்தது. இரண்டும் ஒரே மூலத்தின் பிள்ளைகள். ஒன்றில் இடையொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றதில் இல்லை.

சமஸ்கிருதத்தில் இப்படிப்பட்ட வேர்கள் அதிகமில்லை. 'ந' முழுதாக நுழையும் வகுப்பில் சுமார் 25 வேர்கள்தான். இவை தவிர இன்னும் சில வேர்களில் வெறும் மூக்கொலி மட்டும் நுழையும். 'சிச்' (நீர் தெளித்தல்) 'சிஞ்சதி' ஆகும். 'லிப்' (பூசுதல்) 'லிம்பதி' ஆகும். பேச்சு மொழிக்கு இந்தப் பிளத்தல் வேலை சிரமமாக இருந்திருக்க வேண்டும். பாலி, பிராகிருத காலத்தில் மூக்கொலி வேரோடு உறைந்துபோய், வேரின் சொந்த எழுத்து போலவே ஆகிவிட்டது. புதிய சொல்லில் அதை நுழைக்கும் வழக்கம் நின்றது.

நின்றாலும் தடயம் போகவில்லை. ஐந்து நதிகளின் நாட்டில் இன்றும் வயலுக்கு நீர் பாய்ச்சுவதை 'சிஞ்சணா' என்கிறார்கள். அந்த 'ஞ்' பாணினி காலத்து மூக்கொலியேதான். மூக்கொலிக்குப் பின் வரும் 'ச' பஞ்சாபியில் 'ஜ' ஆகும் என்பதால் கடைசி மெய் மட்டும் சற்று மாறியது. மண் சுவருக்குச் சாந்து பூசுவதற்கு 'லிம்பணா' என்றும் சொல்கிறார்கள், 'லிப்பணா' என்றும் சொல்கிறார்கள். ஒரே வேலைக்கு இரண்டு சொற்கள். முதல் சொல்லில் இடையொட்டு இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. சுவர் பூசுகிறவருக்கு இந்தக் கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. சொல் தானாகவே சுமந்துகொண்டு வந்துவிட்டது.

உயிரெழுத்து நீண்ட கதை

இனி தரன் தாரனுக்குத் திரும்பலாம். பஞ்சாபியில் இப்படிப்பட்ட ஜோடிகள் நிறைய உண்டு.

மர்னா (சாதல்) – மார்னா (அடித்தல், கொல்லுதல்)
உத்தர்னா (இறங்குதல்) – உதார்னா (இறக்குதல்)
விகட்னா (கெடுதல்) – விகாட்னா (கெடுத்தல்)
குல்ணா (திறந்துகொள்ளுதல்) – கோல்ணா (திறத்தல்)
டுட்டணா (உடைதல்) – தோட்னா (உடைத்தல்)

தன்வினைக்கும் பிறவினைக்கும் வித்தியாசம் உயிரெழுத்தில்தான் இருக்கிறது. அ என்பது ஆ ஆகிறது, உ என்பது ஓ ஆகிறது. பார்த்தால் நடுவில் ஏதோ நுழைந்ததுபோலத் தோன்றும். ஆனால் வரலாறு வேறு.

சமஸ்கிருதத்தில் 'தரதி' என்றால் கடக்கிறான், 'தாரயதி' என்றால் கடத்துகிறான். பிறவினையின் அசல் அடையாளம் பின்னால் வந்த 'அய' என்ற ஒட்டு. அந்த ஒட்டு சேரும்போது வேரின் உயிரும் வலுப்பெற்று நீண்டது. அதாவது நீட்சி ஒரு துணை அடையாளம் மட்டுமே.

நூற்றாண்டுகள் போகப் போகச் சொல்லின் வால் தேய்ந்தது. தாரயதி 'தாரேதி' ஆகி, பின் 'தாரே' ஆனது. தரதியும் சும்மா இருக்கவில்லை. 'தரஇ' ஆகி, 'தரே' ஆனது. இரண்டின் வாலும் கடைசியில் ஒரே 'ஏ'யில் வந்து முடிந்துவிட்டது. தன்வினையையும் பிறவினையையும் பிரித்துக் காட்ட மிஞ்சியது அந்த நீட்சி ஒன்றுதான். எஜமான் போய்விட, கூட வந்த வேலைக்காரன் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டதுபோல.

டுட்டணா – தோட்னா ஜோடியும் இதே கதைதான். 'த்ருட்யதி' (உடைகிறது) என்பதில் 'ட்ய' என்பது 'ட்ட' ஆகி டுட்டணா பிறந்தது. 'த்ரோடயதி' (உடைக்கிறான்) என்பதில் வால் தேய்ந்து தோட்னா பிறந்தது. ஆகவே இங்கே நடுவில் எதுவும் நுழையவில்லை. பின்னால் நின்றது மறைந்தபோது அதன் நிழல் நடுவில் தங்கிவிட்டது.

கல்லில் எழுதிய 'ப'

மூன்றாவது வகைதான் இன்றைய பஞ்சாபியில் மிகவும் புழக்கத்தில் இருப்பது. வேருக்கும் 'ணா' என்ற விகுதிக்கும் இடையே 'ஆஉ' அல்லது 'வாஉ' வந்து நிற்கும்.

பணனா (உருவாதல்) – பணாஉணா (உருவாக்குதல்) – பணவாஉணா (பிறரைக் கொண்டு உருவாக்குதல்)
லிகணா (எழுதுதல்) – லிகாஉணா, லிக்வாஉணா (எழுத வைத்தல்)
சிக்கணா (கற்றல்) – சிகாஉணா (கற்பித்தல்)
சுணனா (கேட்டல்) – சுணாஉணா (கேட்கச் சொல்லுதல்)

இதன் பூர்வீகமும் சமஸ்கிருதம்தான். ஆகாரத்தில் முடியும் வேர்களுக்குப் பிறவினை செய்யும்போது நடுவில் ஒரு 'ப்' வரும். 'ஸ்தா' (நிற்றல்) 'ஸ்தாபயதி' (நிறுத்துகிறான்) ஆகும். ஸ்தாபனம் என்ற சொல்லில் உள்ள 'ப' அதுவே. சில வேர்களுக்கு மட்டும் உரிய இந்த 'ஆப' மக்கள் பேச்சில் எல்லா வேர்களுக்கும் பரவியது.

அதற்குச் சாட்சி கல்லிலேயே இருக்கிறது. கி.மு. 3-ம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த பாறைக் கட்டளைகள் வடமேற்கில் ஷாபாஸ்கடி, மான்சேரா என்ற இரண்டு இடங்களில் உள்ளன. இரண்டும் இன்று பாகிஸ்தானில். ஷாபாஸ்கடி, பாணினியின் சலாதுராவிலிருந்து அதிக தூரம் இல்லை. கரோஷ்டி எழுத்தில் உள்ள இந்தக் கட்டளைகளின் தொடக்கத்தில், இந்தத் தர்ம சாசனம் அரசனால் 'எழுதுவிக்கப்பட்டது' என்ற பொருளில் 'லிகபித' என்ற சொல் வருகிறது (ஷாபாஸ்கடியில் 'லிகபிது'). கரோஷ்டியில் குறில் நெடில் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. சொல்லில் நெடிலாக 'ஆப்' என்றே ஒலித்திருக்கும். குஜராத்தின் கிர்னார் பாறையில் உள்ள 2-வது கட்டளையில் கிணறுகள் தோண்டுவித்ததற்கும் மரங்கள் நடுவித்ததற்கும் இதே 'ஆப்' வருகிறது. சோழரையும் பாண்டியரையும் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகக் குறிப்பிடும் அதே கட்டளைதான் அது.

உயிரெழுத்துகளுக்கு இடையே மாட்டிய 'ப' மெலிந்து 'வ' ஆவது இந்த மொழிகளில் சகஜம். ஆப் என்பது 'ஆவ்' ஆகி, பஞ்சாபியில் 'ஆஉ' ஆனது. லிகபித என்று கல்லில் இருப்பதும், இன்று லூதியானாவில் ஒருவர் மனு எழுதிக் கொடுக்கச் சொல்லும்போது வரும் 'லிகாஉணா'வும் ஒன்றே.

அப்படியானால் 'வா'? அதற்கு இன்னொரு கல் இருக்கிறது. டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகத் தூண் முதலில் அங்கே இருந்ததல்ல. டோப்ரா என்ற கிராமத்தில் இருந்தது. அந்தக் கிராமம் இன்று ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டத்தில் உள்ளது. 1966 வரை அது பஞ்சாப் மாநிலம். 14-ம் நூற்றாண்டில் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் அந்தத் தூணை 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகு வழியாக டெல்லிக்குக் கொண்டுவந்தார். அப்போது அதில் உள்ள எழுத்தைப் படிக்க ஒருவராலும் முடியவில்லை. 1837-ல்தான் ஜேம்ஸ் பிரின்செப் படித்தார்.

இந்தத் தூணில் மட்டுமே உள்ள 7-வது கட்டளையில், சாலையோரக் கிணறுகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'கானாபாபிதானி' என்று ஒரு சொல் வருகிறது. ஒரு 'ஆப்' அல்ல, இரண்டு. தோண்டு என்ற வேருக்கு மேல் ஒரு பிறவினை, அதற்கு மேல் இன்னொரு பிறவினை. அரசன் அதிகாரிகளிடம் சொன்னான், அதிகாரிகள் ஆட்களைத் தோண்ட வைத்தார்கள். இந்த இரட்டை 'ஆப்' தேய்ந்து சுருங்கியதுதான் பஞ்சாபி, இந்தி முதலிய மொழிகளில் உள்ள 'வா' என்பது மொழியியலார் தரும் விளக்கம்.

ஆக, 'வா' என்பதும் வேரைப் பிளக்கவில்லை. வேருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் விகுதி வந்ததால் நடுவில் நிற்பதுபோலத் தெரிகிறது. தமிழ் இடைநிலையின் நிலைமைதான்.

இரண்டு சொல்லுக்கு நடுவே

இன்னொரு வகையும் உண்டு. 'ஹத்தோ ஹத்' (கைக்குக் கை), 'ராத்தோ ராத்' (ராத்திரியோடு ராத்திரியாக), 'தினோ தின்' (நாளுக்கு நாள்), 'கர்மா கரம்' (சுடச்சுட). ஒரே சொல் இரண்டு முறை வருகிறது. நடுவில் ஓர் 'ஓ' அல்லது 'ஆ' வந்து இரண்டையும் கட்டிப்போடுகிறது. இது சொல்லுக்குள் நுழைவதல்ல, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே போடும் முடிச்சு. மத்தேதர் என்ற பெயர் இதற்கு ஓரளவு பொருந்தும். ஆனால் தகலோக் மொழியில் உள்ளதுபோன்ற இடையொட்டு இல்லை.

'ஹுகம்' (கட்டளை), 'ஹாகம்' (ஆள்பவர்), 'ஹகூமத்' (ஆட்சி), 'மஹிக்மா' (அரசுத் துறை) ஆகிய சொற்களும் பஞ்சாபியில் உண்டு. இவற்றில் ஹ-க-ம என்ற மூன்று மெய்கள் நிலையாக இருக்க, உயிர்கள் மாறுகின்றன. இது அரபு மொழியின் வழக்கம். 11-ம் நூற்றாண்டில் கஜ்னவிகள் லாகூரைப் பிடித்த பிறகு பாரசீகம் அங்கே அரசவை மொழியானது. ரஞ்சித் சிங்கின் சீக்கிய அரசிலும் கணக்கும் கடிதமும் பாரசீகத்தில்தான். அந்த வழியாக இந்த அரபுச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சொற்கள் வந்தனவே தவிர, அவற்றைச் செய்யும் அச்சு வரவில்லை. பஞ்சாபி வேர் எதையும் அந்த அச்சில் வார்ப்பதில்லை.

நடுவில் நிற்பதன் மதிப்பு

1812-ல் செராம்பூரில் வில்லியம் கேரி பஞ்சாபி இலக்கணம் ஒன்றை அச்சிட்டார். 1854-ல் லூதியானா மிஷன் பஞ்சாபி அகராதியை வெளியிட்டது. 1916-ல் கிரியர்சனின் மொழி ஆய்வுத் தொகுதியில் பஞ்சாபிக்கு இடம் கிடைத்தது. 1960-களில் ரால்ஃப் டர்னர் வெளியிட்ட இந்தோ-ஆரிய ஒப்பீட்டு அகராதியில், ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னோர் சொல்லுக்குக் கீழே, பிற மொழிகளில் உள்ள அதன் சகோதரச் சொற்களோடு வைத்துப் பார்க்க முடிந்தது. அப்படி வைத்துப் பார்க்கும்போதுதான் சிஞ்சணாவின் 'ஞ்' வேறு, தார்னாவின் 'ஆ' வேறு, பணவாஉணாவின் 'வா' வேறு என்பது தெரிகிறது. முதலாவது பழைய இடையொட்டின் எலும்பு. இரண்டாவது மறைந்துபோன பின்னொட்டின் நிழல். மூன்றாவது உயிரோடு இருக்கும் பின்னொட்டு. மூன்றையும் 'மத்தேதர்' என்று ஒரே பெட்டியில் போட்டு மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கலாம், சொல்லின் வயது தெரியாது.

இலக்கணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. 'மிஸ்தரி தோன் கர் பணவாயா' என்றால் மேஸ்திரியைக் கொண்டு வீடு கட்டுவித்தேன் என்று பொருள். (தமிழின் மேஸ்திரியும் பஞ்சாபியின் மிஸ்தரியும் போர்ச்சுகீசியர் தந்த ஒரே சொல்.) பணம் போட்டவர் ஒருவர், செங்கல் அடுக்கியவர் இன்னொருவர் என்பதை அந்த 'வா' மறைக்காமல் சொல்லிவிடுகிறது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 182-வது பிரிவு முதல் முதல்வர் யார், முகவர் யார் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறது. பஞ்சாபிக்கு அதன் அடிப்படையைச் சொல்ல ஓர் எழுத்து போதும்.

வரலாற்றுப் புத்தகங்களில் கோயிலை, கோட்டையை, குளத்தை அரசர்களே கட்டினார்கள் என்று படிக்கிறோம். டோப்ரா தூணை வெட்டிய கல்தச்சனின் பெயர் யாருக்கும் தெரியாது. கிணறு தோண்டியவர்களின் பெயரும் தெரியாது. ஆனால் தோண்டியது அரசன் அல்ல, அவனுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் ஆட்கள் இருந்தார்கள் என்பதை அரசனின் சொந்தக் கல்வெட்டே இரண்டு 'ஆப்' போட்டு ஒப்புக்கொள்கிறது. பஞ்சாபில் இன்று ஒருவர் 'பணவாயா' என்று சொல்லும்போதும் அந்த ஆட்கள் சொல்லின் நடுவிலேயே நிற்கிறார்கள்.